நிரந்தர முகவரியும் மாலே கப்பலும்

புது ஊருக்குப் போனால் மற்றவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், கடற்கரையைப் பார்ப்பார்கள். நான் முதலில் சாக்கடை ஓடையைப் பார்ப்பேன். கொச்சி கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் வேறு எதைப் பார்ப்பாள்? மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் துடைப்பத்தோடு ஆரம்பித்தேன். கடைசி ஏழு வருஷம் மஸ்டர் ரோல் புத்தகத்தோடு நின்று, விடிகாலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினேன். அந்தக் கண்ணோடுதான் மாலத்தீவில் போய் இறங்கினேன். ஓடைகள் மூடியிருந்தன, தெரு பளிச்சென்று இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போனது சுற்றிப் பார்க்க இல்லை. என் தங்கை பகவதியின் மகள் செல்வி, மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் ரமேஷுக்கு, படகில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் தீவு ஒன்றில் எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. இரண்டு வருஷம் முன்னால் செல்விக்கு முதல் குழந்தை எட்டாம் மாதத்தில், அங்கே வைத்து, வயிற்றிலேயே போய்விட்டது. அந்தச் செய்தி வந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் இந்த முறை ஏழாம் மாதம் பிறந்ததும் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. பகவதிக்கு பாஸ்போர்ட் கிடையாது. நானோ ஓய்வு பெற்ற சூட்டோடு, எங்கே போகப் போகிறோம் என்றுகூடத் தெரியாமல், ஒன்று எடுத்து வைத்திருந்தேன். பத்து நாள் பயணம். பையில் கப்பைக்கிழங்கு வறுவல், எலுமிச்சை ஊறுகாய், வளைகாப்புக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையல். வளையல் எதற்கு இங்கே கொண்டு வந்தீர்கள், ஊருக்குத்தானே போகிறோம் என்று செல்வி சிரித்தாள். கையில் போட்டு அளவு பார்க்க என்றேன்.

நான்காம் நாள், உலகமெங்கும் பரவிய தொற்றுநோயால், விமான நிலையத்தை மூடினார்கள். இரண்டு வாரம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நானும் இரண்டு வாரம்தானே என்று புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பிறகு அந்தப் பெட்டியை எத்தனை தடவை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது.

விடுதிக்காரி பெயர் ஆமினா. என் வயதுதான், என்னைவிட உயரம், என்னைவிடச் சத்தம். வெள்ளைக்காரர்கள் எல்லாம் போனபின் நாலு மாடி விடுதியில் மிஞ்சியது நாங்கள் இருவரும், கீழ்த் தளத்தில் தங்கியிருந்த திருச்சூர்க்காரரான பிளம்பர் ஒருவரும்தான். செல்விக்கு வேலை போயிற்று, ஆனால் அறையைக் காலி செய் என்று ஆமினா சொல்லவில்லை. அவளுக்குத் தமிழும் மலையாளமும் தெரியாது, எனக்கு அவள் திவேஹி தெரியாது. செல்வி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வாள். எங்கள் இருவருக்கும் பொதுவாகப் புரிந்த ஒரே சொல் சாயா. அங்கே அதை 'சாய்' என்பார்கள்.

காலையில் ரொட்டியும் மாஸ் ஹுனியும். மீனைப் பிய்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். முதல் நாள் தேவாமிர்தமாக இருந்தது. மத்தியானம் கருதியா என்கிற தெளிந்த மீன் சாறு, சோற்றில் ஊற்றிக்கொள்ள. சாயங்காலம் மாவுக்குள் மீன் வைத்துப் பொரித்த உருண்டை. எல்லாம் ஒரே மீன், சூரை. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை கடல் இருந்தும் இவர்கள் ஒரே மீனைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது. எதிர்க்கரை வைப்பினிலிருந்து கூடை கூடையாக மத்தியும் நெத்திலியும் வந்து இறங்கும் ஊரில் வளர்ந்த நாக்கு இது. ஒரு நாள் ஆமினாவின் அடுப்பங்கரையில் புகுந்து, மிளகாய் அரைத்து, புளி கரைத்து, அதே சூரையைக் குழம்பு வைத்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் மறுபடி வைக்கச் சொன்னாள்.

அப்புறம் மாலே நகரத்துக்குள்ளும் நோய் வந்தது. ஒரே இரவில் ஸ்கூட்டர்கள் எல்லாம் மாயமாயின, ரமேஷின் தீவிலிருந்து வரும் படகும் நின்றது. வெளியே போகக் கைப்பேசியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதுவும் கடைக்கு மட்டும். செல்வியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக இரண்டு நாள் காத்திருந்தோம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று செல்வி திரும்பி வரும்போது சொன்னாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்கே இடம் போதவில்லை, பிரசவத்துக்கு எப்போது இடம் தருவோம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். செல்விக்குத் தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பகவதி தினமும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். நான் தினமும் நல்லாயிருக்கா என்று ஒரே பொய்யைச் சொல்வேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. நம் நாட்டுக் கடற்படைக் கப்பல் வருகிறது, கொச்சிக்குப் போகிறது, கர்ப்பிணிகளுக்கு முதலிடம். உலகத்தில் இத்தனை துறைமுகம் இருக்க அது எங்கள் ஊருக்கே போகிறது என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். செல்வி காலை உயர்த்தி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை படிவம் பார்த்தவள் நான், இதற்கு அவளை எழுப்புவானேன் என்று நானே உட்கார்ந்து ஒற்றை விரலால் நிரப்பினேன். பெயர், வயது, எத்தனையாவது மாதம், இங்கே இருக்கும் முகவரி, இந்தியாவில் நிரந்தர முகவரி. எல்லாம் முடித்து அனுப்பிவிட்டு, ஆமினாவிடம் போய் சாயா வாங்கிக் குடித்தேன்.

ஐந்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. திருச்சூர்க்காரர் பெயர் இருந்தது. எங்கள் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, மூன்று தடவை செல்வி பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தின் நகலைத் திறந்து படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நிரந்தர முகவரின்னு கேட்ட எடத்துல நீங்க என்ன எழுதினீங்க?"

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் தாத்தாவின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்தவர். அன்றிலிருந்து நாங்கள் பிறப்பது, படிப்பது, சாவது எல்லாம் மட்டாஞ்சேரியில். ஆனால் எங்கள் தெருவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் அந்த ஊர் பெயர்தான் முதலில் வரும். இருப்பது மட்டாஞ்சேரி, ஊர் அது. நான் அந்த ஊருக்கு வாழ்நாளில் இரண்டே தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் கோயில் கொடையில் நின்ற பெண்கள் என்னை மலையாளத்தா என்று கூப்பிட்டார்கள். அப்படியிருந்தும், நிரந்தர முகவரி என்று கேட்டதும் என் விரல் யோசிக்காமல் அந்தக் கிராமத்தைத்தான் எழுதியிருக்கிறது. மாநிலம், தமிழ்நாடு. எங்கள் இருவர் பெயரும் தமிழ்நாட்டுப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. தூத்துக்குடிக்குக் கப்பல் பிறகு வருமாம். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒரு மாதம்கூட ஆகலாம்.

செல்வி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா பெரியம்மா? எனக்கு அங்க போற வழிகூட அறியாது" என்றாள்.

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஏழு வருஷம் மற்றவர் படிவத்தில் தப்புப் பிடித்தவள், என் பிள்ளையின் படிவத்தில் இப்படிச் செய்துவிட்டேன்.

அன்று முழுக்கத் தூதரகத்துக்குப் போன் போட்டோம். எந்நேரமும் பேச்சில் இருந்தது, கிடைத்தபோது காத்திருக்கச் சொன்னது. சாயங்காலம்தான் எனக்கு என் பழைய புத்தி திரும்பியது. அலுவலகத்தில் பெரியவரைத் தேடி ஓடுகிறவன் சுற்றிக்கொண்டே இருப்பான். புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்து அவர் முன்னால் போய் நிற்கிறவனுக்கு வேலை நடக்கும். கீழே போய் திருச்சூர்க்காரரிடம், உங்கள் பெயர் இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னது யார் என்று கேட்டேன். ஜோஷி என்று ஒரு பள்ளி ஆசிரியராம். சம்பளமில்லாமல் தூதரகத்துக்கு உதவியாகப் பட்டியலைச் சரிபார்க்கிறாராம். எண்ணை வாங்கிக்கொண்டேன்.

ஜோஷி சார் நல்ல மனுஷர், ஆனால் களைத்திருந்தார். பேச்சு முழுவதும் மலையாளத்தில். பாஸ்போர்ட்டில் மட்டாஞ்சேரி விலாசம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் பட்டியல் கப்பலுக்குப் போய்விட்டது, இனி ஒரு எழுத்தும் மாற்ற முடியாது என்றார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"நான் வைப்பின்காரன், சேச்சி. சின்ன வயசில் ஜங்கார் படகில் ஏறி வந்து உங்க மாரியம்மன் கோயில் திருவிழா பார்த்திருக்கேன். நீங்க எல்லாம் எங்க ஆளுங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன்" என்றார்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "சாரே, நான் மஸ்டர் எடுத்தவளாக்கும். நூறு பேர் பெயர் இருந்தால் நூறு பேரும் வந்த நாளே கிடையாது. அதனால்தான் பதிலி ஆட்களை கேட்டில் நிறுத்தி வைப்போம். வராதவர் பெயரை அடித்துவிட்டு அவங்க பெயரை அடியில் எழுதுவோம். எங்களை கேட்டில் நிறுத்துங்க, அது போதும்" என்றேன்.

அவர் சிரித்தார். உறுதி சொல்ல முடியாது, நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் நேரிடலாம் என்றார். துறைமுகம் வரை வர இரண்டு பேருக்கு அனுமதி மட்டும் வாங்கித் தந்தார்.

கப்பல் புறப்படும் நாள் காலையில் பேருந்து வந்தது. ஓட்டுநர் கையில் ஒரு தாள். அதில் இல்லாத யாரையும் ஏற்றக் கூடாதாம். ஜோஷி சாரின் அனுமதிச் சீட்டைக் கைப்பேசியில் காட்டினோம். அதில் துறைமுகம் போகலாம் என்று இருக்கிறது, என் வண்டியில் போகலாம் என்று இல்லையே என்றார் அவர். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் உள்ளூர மெச்சினேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். திருச்சூர்க்காரர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி உறுமியது.

ஆமினா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள். அவள் சொன்னதைச் செல்வி பிறகு எனக்குச் சொன்னாள்: "இந்தப் பிள்ளை வயிற்றில் இருப்பதற்கு இரண்டு மாதமாக மீன் சாறு கொடுத்தது நான். அதை வெயிலில் நிறுத்திவிட்டு எப்படிப் போகிறாய் என்று பார்க்கிறேன்." குரல் உயரவே இல்லை. காலையும் எடுக்கவில்லை. ஓட்டுநர் யாருக்கோ போன் செய்தார், கேட்டார், தலையை ஆட்டினார். நாங்கள் ஏறினோம். ஆமினா ஒரு பாத்திரத்தை என் மடியில் வைத்தாள். திறந்து பார்த்தால் சூரைக் குழம்பு, என் பக்குவத்தில், புளி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

துறைமுகத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெற்றியில் சூடு பார்த்து, பெட்டிகளுக்கு மருந்தடித்து உள்ளே விட்டார்கள். கப்பல் அவ்வளவு பெரிது, அண்ணாந்தால் கழுத்து வலித்தது. நாங்கள் ஓரமாக, செல்வியைப் பெட்டிமேல் உட்கார வைத்து, நின்றோம். ஒவ்வொரு பெயருக்கும் ஆள் வரும்போது எனக்கு நம்பிக்கை ஒரு படி இறங்கியது. ஆயுசிலேயே முதல் தடவையாக, ஆள் வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மத்தியானம் தாண்டிய பிறகு ஜோஷி சார் வந்தார். ஒல்லியான ஆள், கையில் பட்டியல். வெளித் தீவு ஒன்றிலிருந்து வரவேண்டிய படகு காற்றில் திரும்பிவிட்டது, சில இடம் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு முதலில் என்றார். செல்வியைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

நீ போ என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போகமாட்டேன் என்று சொல்லவில்லை, விடவும் இல்லை. நான் திட்டினேன். நீ இங்கே நின்றால் நான் உன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்றேன். கப்பலின் பெண் டாக்டர் ஒருவர் வந்து அவளுக்கு அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். கூட யார் வருகிறார்கள் என்று இந்தியில் கேட்டார். யாருமில்லை என்றார் ஜோஷி சார்.

"கூட ஆள் இல்லாமல் இவங்களை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

ஜோஷி சார் பட்டியலைத் தொடையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அச்சடித்த பெயர்களுக்கெல்லாம் அடியில், கையெழுத்தில், சரோஜினி என்று என் பெயரை எழுதினார். நான் அப்படி எத்தனையோ பேரை எழுதியிருக்கிறேன். எழுதப்படுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் கையைப் பிடிக்கக் கூடாத காலம். கும்பிட்டேன். வைப்பினில் உங்கள் வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கடைசிக் கப்பலில் வருகிறேன் என்று சொல்லச் சொன்னார்.

கப்பலில் ஒன்றரை நாள். வண்டிகளை நிறுத்தும் கூடம் மாதிரி ஒரு பெரிய இடத்தில் ஆண்களுக்குக் கட்டில்கள், கர்ப்பிணிகளுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் மேலே தனி அறைகள். சாம்பார் சாதம் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்த்த பருப்பு. தொட்டுக்கொள்ள ஆமினாவின் குழம்பைத் திறந்தேன், அந்த வாசனைக்குப் பக்கத்துக் கட்டில்காரிகளும் எழுந்து வந்தார்கள். செல்வி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், பிறகு வழித்து வழித்துச் சாப்பிட்டாள். மாலுமிகள் கழிப்பறையை நாளுக்கு நாலு தடவை கழுவினார்கள். நூற்றுக்கு நூறு போட்டேன். என் ஆயுளில் வேறு யாருக்கும் போட்டதில்லை.

இரண்டாம் காலை மேல்தளத்தில் யாரோ கத்தினார்கள். செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஏறினேன். இடது பக்கம் வைப்பின், வலது பக்கம் ஃபோர்ட் கொச்சி. சீன வலைகள் எல்லாம் தூக்கியபடி நின்றன, இழுக்க ஆளில்லை. இந்தத் துறைமுக வாய் வழியாக எத்தனையோ கப்பல் உள்ளே போவதைக் கரையில் துடைப்பத்தோடு நின்று பார்த்திருக்கிறேன். கப்பலிலிருந்து கரையை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பக்கத்தில் நின்ற முரட்டு மீசைக்காரர் விசும்பினார். நான் விசும்பவில்லை, ஓவென்று அழுதேன். செல்வி என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

துறைமுகத் தீவான ஐலண்டின் முனையத்தில் உடம்பு முழுக்க மூடிய பெண்கள் படிவம் நீட்டினார்கள். நான் கையை நீட்டுவதற்குள் செல்வி பேனாவைப் பறித்துக்கொண்டாள். "பெரியம்மா இதைத் தொடாதீங்க" என்றாள். தொடவில்லை. கர்ப்பிணிகள் வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்று வண்டியில் அனுப்பினார்கள். பாலம் ஏறி இறங்கியதும், வெறிச்சோடிய சாலையில் எங்கள் பழைய ஆட்கள் முகக்கவசத்தோடு பெருக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் தட்டினேன். ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரியாமலே கையை ஆட்டினாள்.

பகவதி அடுத்த வீட்டில் தங்கி, ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தாள். அந்த ஜன்னலுக்கு வெளியே அவள் நின்று பாட, உள்ளே நான் ஒருத்தியாக இரண்டு டஜன் வளையலையும் செல்வி கையில் அடுக்கினேன். அளவு சரியாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, குரல் மட்டும் ஆமினாவுடையது. செல்வியின் ரத்த அழுத்தம் மூன்றாம் நாள் இறங்கியது. ரமேஷ் தீவிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தான். பகவதிதான் பேசிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் பிறப்புப் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். செல்வி அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவோடு சேர்த்து என் பக்கம் நீட்டினாள்.

"இதை நீங்க எழுதுங்க" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த நேரம் எல்லாம் எழுதினேன். நிரந்தர முகவரி என்ற இடம் வந்தது. எங்கள் வீட்டு எண், தெரு, மட்டாஞ்சேரி, கொச்சி என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, நர்ஸிடம் கொடுப்பதற்கு முன்னால் செல்வியிடம் ஒரு தடவை காட்டினேன்.